மைக்செட் கூப்பிட்டது

குளத்துப்பாளையத்துல நாச்சிமுத்துன்னு ஒரு சீடர் இருந்தாரு. சீடருக்கு ஐம்பது வயசு தாண்டி, மீசை நரைச்சு, பேரனும் பொறந்தாச்சு. குருவுக்கு முப்பத்தஞ்சு இருந்தா அதிகம். குளத்துக்கரை மண்டபத்துல இருந்த மொட்டைச்சாமிதான் அந்தக் குரு. எந்த ஊரு, எப்படி வந்தாருன்னு யாருக்கும் தெரியாது. கேட்டவங்ககிட்ட, "நடந்துதான் வந்தேன்"னு சொல்லுவாரு.

சீடர் குருவைச் 'சாமி'ம்பாரு. குரு சீடரை 'அண்ணா'ம்பாரு. ஊரு இதைப் பார்த்துச் சிரிக்கும். சிரிக்கிறவங்களுக்கும் பொழுது போகணுமேன்னு ரெண்டு பேரும் விட்டுட்டாங்க.

அந்த வருசம் கார்த்திகையிலேயே பனி இறங்கிருச்சு. மக்காச்சோளம் பால் பிடிக்கிற நேரம். காக்கா கூட்டங்கூட்டமா வந்து கதிரைக் கிழிச்சுத் தின்னுச்சு. நாச்சிமுத்துவும், சின்ன வயசுச் சிநேகிதங்க செங்கோடனும் அங்கமுத்துவும் ஞாயித்துக்கிழமை விடிஞ்சா ஏர்கன் துப்பாக்கியைத் தூக்கிட்டுச் சோளக்காட்டுக்குக் கிளம்பினாங்க. மூணு பேர் தலையிலயும் ஒரே மாதிரி செவப்புக் குரங்குக்குல்லா. சந்தையில மொத்தமா எடுத்தா விலை கொறையும்னு அங்கமுத்து எடுத்துட்டு வந்தது.

காக்கா லேசுப்பட்டதில்லை. கம்பைத் தூக்கினா உக்காந்த இடத்தை விட்டு நகராது. துப்பாக்கியைத் தூக்கினா அடுத்த ஊர்ல போயி இருக்கும். மொத வாரம் ரொம்ப நேரத்துக்கு ஒண்ணே ஒண்ணுதான் சிக்குச்சு. அதுவும் சாகலை. நாச்சிமுத்து சுட்ட ரவை றெக்கையை ஒடிச்சிருச்சு.

செங்கோடன் அது கால்ல சணலைக் கட்டி, வரப்புல ஒரு முளைக்குச்சி அடிச்சுக் கட்டிப்போட்டாரு. அது கத்துச்சு.

அவ்வளவுதான். எங்கெங்கயோ இருந்த காக்காயெல்லாம் தலைக்கு மேல வந்து சுத்துச்சு. கத்தறதும் பாயறதுமா காடே கொந்தளிச்சுப் போச்சு. மூணு பேரும் சுட்டாங்க. ஒண்ணு விழுந்தா மத்தது ஓடலை, இன்னும் கீழ இறங்கி வந்துச்சு. ரவை தீர்ற வரைக்கும் சுட்டாங்க.

"டேய், இது காக்கா இல்லடா, மைக்செட்டு"ன்னாரு செங்கோடன். "கல்யாணத்துக்குக் கூப்பிட்டாக் கூட இத்தனை சனம் வராது."

"மொய் வைக்காம ஓடிரும்"னாரு அங்கமுத்து.

அதுல இருந்து அதுக்கு மைக்செட்டுன்னே பேராயிருச்சு. நாச்சிமுத்து அதை வீட்டுக்குக் கொண்டுபோயி, கால்ல இருந்த சணலோட கோழிக்கூடையில கவுத்து வெச்சாரு. தினமும் ஒரு உருண்டை சோறு, கொட்டாங்குச்சியில தண்ணி. அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு உசுரோட வேணுமே.

அன்னைக்குச் சாயங்காலம் மண்டபத்துல குருகிட்டக் கேட்டாரு.

"சாமி, ஒரு சந்தேகமுங்க."

"கேளுங்கண்ணா."

"காக்கா வெவரமானதுதானுங்களே? கம்பு எது, துப்பாக்கி எதுன்னு தெரியுது. அப்புறம் மைக்செட்டு கத்துனா மட்டும் ஏனுங்க துப்பாக்கிக்கு நேரா வருது? பக்கத்துல ஒண்ணு செத்து விழுகுது. அதைப் பார்த்துட்டே அடுத்தது வருதுங்க."

சாமி அடுப்புல சுள்ளியைத் தள்ளிவிட்டாரு. "செங்கோடண்ணன் என்ன சொல்றாரு?"

"கூறுகெட்ட ஜென்மம்ங்கறானுங்க."

"அவரு சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

இது பதிலா, கிண்டலான்னு சீடருக்கு வெளங்கலை. மறுபடியும் கேக்கலாம்னு வாயைத் திறந்தாரு. சாமி அதுக்குள்ள கஞ்சி ஊத்திட்டாரு.

வாரம் தவறாம வேட்டை நடந்துச்சு. காட்டுல தீ மூட்டிக் குளிர் காய்வாங்க. தூக்குப்போசியில கொண்டுபோன டீயைக் குடிப்பாங்க. அங்கமுத்து யாரோட பொண்ணு யாரோட ஓடிப்போச்சுங்கற சேதியெல்லாம் சொல்லி முடிக்கறப்ப வெயில் வந்துரும். அப்புறம் மைக்செட்டைக் கட்டுவாங்க. கட்டினதும் அது கத்தும். கத்தினதும் அதுக வரும். எந்த வாரமும் வராம இருந்ததில்லை.

மார்கழி பாதியில சோளத்தை அறுத்தாச்சு. காடு மொட்டையா கெடந்துச்சு.

ஒரு திங்கக்கிழமை சாமி கேட்டாரு. "சோளம் வீடு வந்துருச்சுங்களாண்ணா?"

"வந்து, வித்து, தட்டையும் போர் போட்டாச்சுங்க."

"நேத்தும் போனீங்களாமே."

"போனோமுங்க."

"அங்க காக்காய்க்கு என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லைங்க."

"உங்களுக்கு?"

நாச்சிமுத்து பிடரியைச் சொறிஞ்சாரு. "நெசத்தைச் சொன்னா, பனிக்கு முட்டியெல்லாம் வலிக்குதுங்க சாமி. எந்திரிக்கவே மனசு வராது. ஆனா செங்கோடன் வாசல்ல நின்னு விசிலடிப்பான். சிநேகிதன் கூப்பிட்டா போகாம இருக்க முடியுங்களா?"

சாமி காலிக் கொடத்தை எடுத்து அவர்கிட்ட நீட்டினாரு.

"முடியாதுதான்"னாரு. "ரெண்டு கொடம் தண்ணி எடுத்துட்டு வந்துருங்கண்ணா."

தை அமாவாசை அந்த வருசம் ஞாயித்துக்கிழமையில வந்துச்சு. காலையில செங்கோடன் விசிலடிச்சப்ப நாச்சிமுத்து வெளிய வந்து, "இன்னைக்குப் போய்ச்சேர்ந்த எங்கய்யனுக்குப் படைக்கணும்டா"ன்னாரு.

"சரி, படையலை முடி. மத்தியானம் வந்து மைக்செட்டை நான் எடுத்துட்டுப் போறேன்"னு சொல்லிட்டுச் செங்கோடன் வண்டியைத் திருப்பினாரு.

நாச்சிமுத்து குளிச்சு, நெத்தி நெறையத் திருநீறு பூசி, தலைவாழை இலையில சோறு, பருப்பு, வடை, பாயாசம் எல்லாம் எடுத்துட்டுப்போயி மதில் மேல வெச்சாரு. "கா, கா"ன்னு கூப்பிட்டாரு.

வேப்பமரத்துல காக்காயெல்லாம் உக்காந்துதான் இருந்துச்சு. தலையைச் சாய்ச்சு அவரைப் பார்த்துச்சு. ஒண்ணும் எறங்கலை.

மறுபடியும் கூப்பிட்டாரு. பின்னாடி நகர்ந்து நின்னு கூப்பிட்டாரு. சம்சாரம் பாவாயி சொன்னாங்க: "உங்க மூஞ்சி அதுகளுக்குத் தெரிஞ்சுபோச்சாட்ட இருக்குதுங்க. மூஞ்சியை மறைச்சுக்கிட்டு நில்லுங்க."

யோசனை நல்லாத்தான் இருந்துச்சு. நாச்சிமுத்து உள்ள போயி, கையில கிடைச்சதை மாட்டிட்டு வந்து நின்னாரு. கையில கிடைச்சது அந்தச் செவப்புக் குரங்குக்குல்லா.

வேப்பமரம் ஒரே அலறலா அலறிச்சு. அந்தத் தெருவுல இருந்தது, அடுத்த தெருவுல இருந்தது, கோயில் கோபுரத்துல இருந்தது எல்லாம் ஒண்ணா எந்திரிச்சு வானத்துல ஏறிப்போச்சு. அப்புறம் ஊருக்குள்ள ஒரு காக்கா இல்லை.

பக்கத்து வீட்டு மதில்லயும் படையல் இருந்துச்சு. எதிர் வீட்டுலயும் இருந்துச்சு. "ஏப்பா நாச்சிமுத்து, உங்கய்யனோட சேர்த்து எங்கய்யனையும் முடுக்கி உட்டுட்டயே!"ன்னு எதிர் வீட்டுல இருந்து குரல் வந்துச்சு.

நாச்சிமுத்து குல்லாயைக் கழட்டினாரு. சிரிக்க முடியலை. உள்ள அவரோட அம்மா செவுத்துல சாஞ்சு உக்காந்திருந்தாங்க. சக்கரை வியாதிக்காரங்க. நேரத்துக்குச் சாப்பிடலைன்னா கை நடுங்கும், கண்ணு சொருகும். காலையில இருந்து பச்சைத்தண்ணி குடிக்கலை.

"அம்மா, ஒரு வாய் காப்பியாவது குடி."

"உங்கய்யன் வந்து ஒரு வாய் எடுக்காம எனக்கு எறங்காது கண்ணு."

"வரலைன்னா?"

"வர்ற வரைக்கும் இருக்கறேன்."

உச்சிப்பொழுது ஆச்சு. அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டிச்சு. பாவாயி தம்ளரை உதட்டுகிட்டக் கொண்டுபோனா மூஞ்சியைத் திருப்பிக்கறாங்க. பேச்சு கொளற ஆரம்பிச்சிருச்சு. நாச்சிமுத்து செருப்பு கூடப் போடாம மண்டபத்துக்கு ஓடினாரு.

சேதியைக் கேட்டதும் சாமி எந்திரிச்சாரு. கூடவே வந்தாரு. மதில் மேல காஞ்சு கெடந்த இலையைப் பார்த்தாரு. அம்மாவைப் பார்த்தாரு.

"வீட்டுல யாருமே சாப்பிடலைங்களா?"

"காக்கா எடுக்காம எப்படிங்க சாமி? ஒருத்தரும் தண்ணி கூடக் குடிக்கலைங்க."

"அதுவுமா?"ன்னு சாமி மூலையைக் காட்டினாரு.

கோழிக்கூடைக்குள்ள மைக்செட்டு வாயைப் பொளந்து மூச்சு வாங்கிட்டு இருந்துச்சு. கொட்டாங்குச்சி காஞ்சு கெடந்துச்சு. ஊர்ல இருக்கற காக்காயையெல்லாம் கூப்பிட்டாங்க. வீட்டுல ஒண்ணு பட்டினியா கெடந்தது ஒருத்தருக்கும் ஞாபகம் வரலை.

அம்மா குரல் ஈனமா வந்துச்சு. "கட்டிப்போட்டதுக்குச் சோறு வெச்சா, அவரு வந்து தின்ன மாதிரி ஆகுங்களா சாமி?"

"கட்டிப்போட்டிருந்தா ஆகாதுங்கம்மா"ன்னாரு சாமி.

நாச்சிமுத்து கருக்கருவாளை எடுத்துட்டு வந்து கூடையைத் தூக்கினாரு. காக்காயைக் கையில பிடிச்சாரு. அது அவர் கட்டை வெரலைக் கொத்தி எடுத்துச்சு. ரத்தம் வந்துச்சு. விடலை. சணல் கால்ல பதிஞ்சு, தோலு அதுக்கு மேல வளர்ந்திருந்துச்சு. தினமும் சோறு வெச்ச கைதான். இத்தனை நாள்ல இது கண்ணுல படலை. மெதுவா அறுத்து, ஒவ்வொரு இழையா எடுத்துப்போட்டாரு. தண்ணி காட்டினாரு. ரெண்டு சொட்டுக் குடிச்சுச்சு. கீழ விட்டாரு.

அது ஒடைஞ்ச றெக்கையை இழுத்துக்கிட்டே தாவித் தாவிப் போச்சு. ஆட்டுக்கல் மேல ஏறிச்சு. அங்கிருந்து தண்ணித்தொட்டி. தொட்டியில இருந்து மதில். எலை போட்ட இடத்துக்குப் போயி நின்னுச்சு.

பசி. விழுந்து திங்கும்னு நாச்சிமுத்து நெனைச்சாரு.

அது சோத்தைப் பார்த்துச்சு. தொடலை. தலையைத் தூக்கி, ஒண்ணுமே இல்லாத வானத்தைப் பார்த்து, "கா"ன்னுச்சு.

அந்தக் குரலைக் குளிர் காலம் முச்சூடும் கேட்டவருதான் அவரு. இருந்தும் இது வேற மாதிரி இருந்துச்சு. பாவாயி சோத்தைப் போட்டு வெச்சுட்டு உள்ளயிருந்து கூப்பிடுவாங்களே, அந்த மாதிரி.

வராதுன்னு நெனைச்சாரு. எப்படி வரும்? அந்தக் குரலுக்கு வந்ததெல்லாம் செத்துப்போச்சு. பைத்தியங் கூட வராது.

மறுபடியும் "கா"ன்னுச்சு.

தெக்கே பனைமரத்துக்கு மேல ஒரு புள்ளி தெரிஞ்சுச்சு. அப்புறம் பக்கத்துல இன்னொண்ணு. அப்புறம் எண்ணவே முடியலை. வானம் அந்தப் பக்கம் கறுத்துட்டே வந்துச்சு. வேப்பமரத்துல எறங்கிச்சு. ஓட்டு மேல எறங்கிச்சு. துணிக்கொடி தாழ்ந்து தொங்குச்சு. வாசல்ல வெயிலே இல்லாமப் போச்சு. றெக்கைச் சத்தத்துல அடுப்புச் சாம்பல் பறந்துச்சு. அப்புறம் சத்தமெல்லாம் ஒரே நேரத்துல நின்னுபோச்சு.

நாச்சிமுத்து நடுவாசல்ல வெறுந்தலையோட நின்னாரு. கையை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியலை. எல்லாம் அவரைத்தான் பார்த்துச்சு. ஒவ்வொண்ணும் தலையைச் சாய்ச்சு ஒரு கண்ணால பார்த்துச்சு. எல்லாத்துக்கும் அவரைத் தெரிஞ்சிருந்துச்சு. நெனைச்சிருந்தா ஒரு நொடியில கண்ணைத் தோண்டி எடுத்திருக்கலாம். ஒண்ணும் அசையலை.

வெளிய வண்டிச் சத்தம். செங்கோடன். தலையில செவப்புக்குல்லா, தோள்ல ஏர்கன்.

"டேய் நாச்சி, என்றா இது, நம்ம காட்டுக்காக்கா பூராவும் உன்ற வீட்டுல…"



காக்காயெல்லாம் அவர் பக்கம் திரும்பிப் பார்த்துச்சு. குல்லாயைப் பார்த்துச்சு. துப்பாக்கியைப் பார்த்துச்சு. ஒண்ணு கூடப் பறக்கலை.

செங்கோடன் கோயிலுக்கே போகாத ஆளு. கோயில்ல மேளம் அடிச்சா வெளிய நின்னு பீடி பத்த வைப்பாரு. அவரு துப்பாக்கியைத் தோள்ல இருந்து எறக்கி, மதிலோரமாச் சாய்ச்சு வெச்சாரு. குல்லாயைக் கழட்டினாரு. அதை ரெண்டு கையிலயும் பிடிச்சுக்கிட்டு அங்கயே நின்னுட்டாரு.

மைக்செட்டு குனிஞ்சு ஒரு பருக்கை எடுத்துச்சு. அப்புறம்தான் மத்தது ஒவ்வொண்ணா எறங்கி வந்துச்சு. அடிச்சுக்கலை. எடுத்தது நகர்ந்துச்சு, எடுக்காதது வந்துச்சு.

"வந்துருச்சு, நம்ம எலைக்கும் வந்துருச்சு!"ன்னு எதிர் வீட்டுல யாரோ கத்தினாங்க.

அம்மா செவுத்தைப் பிடிச்சு எந்திரிச்சு வந்து, நெலைப்படியில நின்னு ரெண்டு கையையும் கூப்பினாங்க. "எடுத்துட்டாரு"ன்னாங்க. பாவாயி கொடுத்த தம்ளரை வாங்கி முழுசாக் குடிச்சாங்க.

சாமி துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டுக் கிளம்பினாரு. நாச்சிமுத்து வாசப்படியில வழிமறிச்சாரு. வெரல்ல இன்னும் ரத்தம் சொட்டிட்டு இருந்துச்சு.

"சாமி, அதுகளுக்கு என்னைத் தெரியும். துப்பாக்கியைத் தெரியும். அந்தக் குரலுக்கு வந்தா என்ன ஆகும்னும் தெரியும். எல்லாம் தெரிஞ்சும் ஏன் சாமி வந்துச்சுங்க?"

"என்னைக் கேக்கறீங்களேண்ணா"ன்னாரு சாமி. "மார்கழியில நீங்கதான சொன்னீங்க. சிநேகிதன் கூப்பிட்டா போகாம இருக்க முடியுங்களா?"