தெர்மோஸ்டாட்டுக்கு மஞ்சள் காப்பு

சங்கரன்கோவில் கல்யாண மண்டப முதலாளி தெய்வநாயகத்தின் கார், சம்பந்தி வீட்டாரோடு போகும்போது ஆவி கக்கி நடுரோட்டில் நின்றுவிட்டது. ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்து வந்து போட்டதும், முதலாளி ஒரு டீயை வாங்கி வைத்துக்கொண்டு டிரைவர் பேச்சிமுத்துமேல் பாய்ந்தார்.

"தண்ணி பாக்காம ஓட்டி இஞ்சினைக் கெடுத்துட்டான். ஏலே, நீ இல்லேன்னா வேற யாரு? இந்த டீ ஆறுறதுக்குள்ள சொல்லு. இல்லேன்னா சாவியை வச்சிட்டுக் கெளம்பு."

மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை மூடியிருக்கும் கூடான ஹவுசிங்கைக் கழற்றினார். ஓரத்தில் ஒரு விரிசல். உள்ளே, சூடேறினால் திறந்து தண்ணீர் விடவேண்டிய தெர்மோஸ்டாட், மஞ்சள் சாந்து அப்பித் திறக்க முடியாமல் கிடந்தது.

பேச்சிமுத்து மோந்து பார்த்தான். சமையல் மஞ்சள்தூள். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"ஒழுக்கை மஞ்சப்பொடி போட்டு அடைச்சிருக்காக. எப்பேர்ப்பட்ட மூளை பாருங்க. அண்ணாச்சி, நீங்களா?"

"நான் இல்லப்பா," என்றார் மெக்கானிக்.

"அப்போ நான்தான் போட்டேன்னு வச்சுக்கிடுதேன் முதலாளி. சம்பந்தி வீட்டுக்காரவுக முன்னால அந்தப் பேரு எனக்கே இருக்கட்டும்."

முதலாளிக்குப் பொறுக்கவில்லை. துள்ளி எழுந்தார்.

"ஒனக்கு ஏதுலே அந்த மூளை? வெள்ளிக்கிழமை பூசை முடிச்சு என் கையால ரேடியேட்டர் தண்ணியில அள்ளிப் போட்டேன். ஒழுக்கு நின்னுச்சா இல்லையா?"

"நின்னுச்சு முதலாளி. ஒழுக்கும் நின்னுச்சு, காரும் நின்னுச்சு."

சம்பந்தி வீட்டார் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். மெக்கானிக் புது ஹவுசிங் எடுக்க உள்ளே போனார். பேச்சிமுத்து டம்ளரைத் தொட்டுப் பார்த்து, பணிவாக முதலாளி பக்கம் நகர்த்தினான்.

"குடிங்க முதலாளி. இன்னும் ஆறலை."