ஈட்டியம்மாளும் சீசன் விடுதியும்

மலைச்சரிவில் ஒரு பெரிய பாறை இருந்தது. அதன் அடியில் மழை படாத குடைவு ஒன்று. அந்தக் குடைவில் குங்குமம் என்கிற மலையணில் விடுதி நடத்திவந்தாள்.

விடுதி வருஷம் முழுக்கக் கிடையாது. தை பிறந்து பனி விலகியதும் திறப்பாள். மழைமேகம் எதிர்மலையின் உச்சியைத் தொட்டதும் கூட்டிப் பெருக்கி மூடிவிடுவாள். ஆனால் திறந்திருக்கிற அந்தச் சீசனில் அங்கே கூட்டமான கூட்டம்! மயிலுக்குப் பேரன் பிறந்தால் விருந்து அங்கே. சருகுமானுக்குக் கால் சுளுக்குச் சரியானால் விருந்து அங்கே. ஒரு விசேஷமும் இல்லையென்றாலும் நாலு முயல்கள், "சும்மா இருந்துட்டுப் போகலாம்னு வந்தோம்!" என்று வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பக்கத்து வளையில் இருந்தவள் ஈட்டியம்மாள் என்கிற முள்ளம்பன்றி. புருஷன் இல்லாதவள். ஒரே மகள் பூமுள்ளைக் கிழங்கு தோண்டிப் போட்டே ஆளாக்கியவள். மனசில் நல்லவள்தான். யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் முதலில் ஓடுகிறவளும் அவள்தான். ஆனால் பக்கத்து விடுதியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தால் மட்டும் அவளுக்கு ஆகாது.

சத்தம் கேட்டதும் உடனே முதுகு முள்ளெல்லாம் எழுந்து நின்று கலகலவென்று ஆடும்.

"அம்மா, முள்ளு!" என்பாள் பூமுள்.

"குளிருதுடி!"

"இந்த வெயிலிலயா?"

"உனக்கு என்ன தெரியும்? போய்க் கிழங்கைக் கழுவு!"

பாவம், மற்றவர்களுக்குப் பொறாமை வந்தால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். முள்ளம்பன்றி என்ன செய்யும்?

தினமும் விடிந்ததும் ஈட்டியம்மாள் மலையுச்சியைப் பார்த்துக் கும்பிடுவாள். "சாமி, என் பொண்ணுக்கு நல்ல இடம் அமையணும்" என்று வேண்டிக்கொள்வாள். அதோடு நிறுத்தினால் என்ன? குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சேர்ப்பாள். "அந்த அணில் வீட்டு விருந்துல ஒரே ஒரு தடவையாவது வந்தவங்க முகம் சுளிச்சு எழுந்து போகணும் சாமி. ஒரே ஒரு தடவை!"

முதல் வேண்டுதல் பலித்தது. கிழக்குச் சரிவில் நல்ல குடும்பம். கூரன் என்கிற பெரியவர், அவர் மனைவி வேலாயி, லட்சணமான ஒரு பையன். பூமுள்ளை ஓடைக்கரையில் பார்த்துப் பிடித்துப்போய், மைனாவிடம் சொல்லியனுப்பினார்கள்.

மைனா வந்து கிளையில் உட்கார்ந்தது. "ஈட்டியம்மா, சந்தோஷமான சேதி! வர்ற நிறைஞ்ச நாள்ல இலை மாத்திக்கலாமாம்!"

ஈட்டியம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அப்புறம் இன்னொன்னு. நிச்சயத்தைக் குங்குமத்தோட விடுதியில வெச்சுக்கலாமான்னு கேட்டாங்க. ரொம்பக் கேள்விப்பட்டிருக்காங்களாம்!"

கலகலகல! மைனா மேல்கிளைக்குத் தாவியது.

"என் பொண்ணு நிச்சயம் என் வீட்டுலதான்! போய்ச் சொல்லு!"

முள்ளம்பன்றிகளின் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லவேண்டும். பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் தேக்கிலையில் பழம் வைத்து மாற்றிக்கொள்வார்கள். அதுதான் நிச்சயம். வாசலில் கால் வைத்ததிலிருந்து இலை கைமாறும்வரை இரண்டு வீட்டாரும் முள்ளைப் படியவைத்திருக்க வேண்டும். ஒருவர் தூக்கினாலும் பேச்சு முறிந்தது என்று அர்த்தம். முள்ளைத் தூக்கின வீட்டில் யாரும் சம்பந்தம் செய்யமாட்டார்கள்.

சேதி கேட்டுக் குங்குமமே ஓடிவந்தாள். "அக்கா, பூமுள்ளுக்கு நிச்சயமாமே! என் விடுதியை எடுத்துக்கோங்க. மழை வர்றதுக்குள்ள கடைசி விருந்து அதுவா இருக்கட்டும். உங்க வளை உங்க ரெண்டு பேருக்குச் சரி. அத்தனை பேர் முள்ளோட வந்தா திரும்பக்கூட இடம் இருக்காதே!"

நல்ல மனசோடு சொன்ன வார்த்தைதான். ஈட்டியம்மாள் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. 'என் வீடு சின்ன வீடுன்னு சொல்லிக்காட்ட வந்திருக்கா!'

"எங்க வீட்டு அளவு எங்களுக்குத் தெரியும்மா. நீ உன் வேலையைப் பாரு."

குங்குமத்தின் வால் தரையில் தாழ்ந்தது. திரும்பிப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து ஈட்டியம்மாள் உட்காரவில்லை. குங்குமம் தரையில் எலுமிச்சம்புல் பரப்புவாளா? இவளும் பரப்பினாள். குங்குமம் வாசலில் மின்மினிகளைக் கொத்தாகத் தொங்கவிட்டு வெளிச்சம் செய்வாளா? இவளும் மின்மினிகளைக் கெஞ்சிக் கூட்டிவந்தாள். பலாச்சுளை, மலைநெல்லி, தேன் தடவிய கிழங்கு, எல்லாம் அவள் வைக்கிற மாதிரியே அடுக்கினாள்.

பூமுள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அம்மா, எல்லாம் சரி. வர்றவங்க விடுதியைப் பத்திப் பேசினா?"

"பேசட்டுமே! எனக்கென்ன?"

கலகலகல!

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் பூமுள் காட்டுக்குள் போய் நல்ல முற்றிய சீந்தில்கொடி அறுத்துவந்தாள். அம்மாவின் முள்ளை ஒன்றுசேர்த்து, கழுத்திலிருந்து வால்வரை இறுக்கிக் கட்டினாள். மேலே பூவைச் சொருகினாள்.

"மூச்சு விட முடியுதா?"

"உனக்காக விடாமலும் இருப்பேன்டி" என்றாள் ஈட்டியம்மாள்.

நிறைந்த நாள் வந்தது. பொழுது சாயும் வேளையில் பிள்ளை வீட்டார் வந்தார்கள். வளைக்குள் ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் நுழைய முடிந்தது. நுழைந்தவர்கள் ஒட்டி ஒட்டி உட்கார்ந்தார்கள்.

"அடடா, என்ன வாசனை!" என்றார் கூரன். "எலுமிச்சம்புல்! குங்குமம் விடுதியிலயும் இப்படித்தான் பரப்பியிருப்பாங்களாம்!"

கொடி கிறீச் என்றது. ஈட்டியம்மாள் பல்லைக் கடித்துச் சிரித்தாள். "சாப்பிடுங்க சம்பந்தி, சாப்பிடுங்க."

வேலாயி ஒரு சுளையை வாயில் போட்டாள். "தேனேதான்! இது விடுதிக்காரம்மா கொடுத்த பழமோ?"

கொடி இன்னும் கிறீச் என்றது. பூமுள் மெல்ல நகர்ந்து அம்மாவின் முதுகோடு ஒட்டிக்கொண்டாள்.

கூரன் பழ இலையை எடுத்து நீட்டினார். ஈட்டியம்மாளும் தன் இலையை எடுத்தாள். இரண்டு இலையும் நடுவில் வந்தன. இன்னும் ஒரு விரற்கடைதான். அப்போது வேலாயி சந்தோஷத்தில் சொன்னாள்: "நிச்சயம் இங்க ஆச்சு. கல்யாணத்தையாவது விடுதியில வெச்சுக்குவோம் சம்பந்தியம்மா! அங்கன்னா காலை நீட்டி உட்காரலாம்!"

பட்! பட்! பட்!

கொடி அறுந்தது. முள்ளெல்லாம் ஒரே மூச்சில் எழுந்தது. இடுக்கான வளை அல்லவா? ஒரு முள் நேராகப் போய்க் கூரனின் மூக்கு நுனியில் நின்றது. மின்மினிகள் அலறிக்கொண்டு வெளியே பறந்தன. இலை விழுந்தது. சுளைகள் உருண்டன.

"நல்ல வரவேற்பு!" என்றார் கூரன். மூக்கில் முள் இருந்ததால் குரல் வேறு மாதிரி வந்தது. "முள்ளைத் தூக்கின வீட்டுல பொண்ணு எடுக்கிற பழக்கம் எங்களுக்கு இல்ல. எழுந்திரு வேலாயி!"

போய்விட்டார்கள்.

பூமுள் அழவில்லை. அம்மாவை ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. கீழே உருண்ட சுளைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மண்ணைத் துடைத்து, இலையில் வைத்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால்கூட ஈட்டியம்மாள் தாங்கியிருப்பாள். அவள் மண்ணைத் துடைத்ததைத் தாங்க முடியவில்லை.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. 'ஒரே ஒரு விருந்துல வந்தவங்க முகம் சுளிச்சு எழுந்து போகணும்னு கேட்டேனே! எந்த வாயால என் பொண்ணுக்காக வேண்டினேனோ, அதே வாயாலதானே அதையும் கேட்டேன்! கேட்டது நடந்திருச்சு. வீடுதான் மாறிப்போச்சு.'

வெளியே இடி இடித்தது. மேகம் எதிர்மலையைத் தொட்டுவிட்டது. ஊசி ஊசியாக மழை இறங்கியது. ஈட்டியம்மாள் மழையிலேயே ஓடினாள். பிள்ளை வீட்டார் எங்கே ஒதுங்கியிருக்கிறார்கள் என்று தேடவேண்டிய அவசியமே இல்லை. வேறு எங்கே ஒதுங்குவார்கள்?

விடுதி வாசலுக்கு வந்தவள் நின்றுவிட்டாள். உள்ளே பாதி பெருக்கின தரை. துடைப்பம் ஒரு மூலையில் கிடந்தது. குங்குமம் கூரனின் மூக்கிலிருந்து முள்ளைப் பக்குவமாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"ஐயா, அக்காவைத் தப்பா நினைக்காதீங்க. நாலஞ்சு நாளா அவங்களுக்கு ஜலதோஷம். தும்மல் வந்திருக்கும். தும்மினா முள்ளு தானா எழுந்துக்காதா?"

"தும்மலா?" கூரன் மூக்கைத் தடவினார். "சத்தம் கேட்கலையே."

"அடக்கின தும்மலுங்க!"

"அப்படியும் இருக்கலாமோ?" என்று வேலாயி கணவரைப் பார்த்தாள்.

வாசலில் நின்ற ஈட்டியம்மாளுக்கு எல்லாம் கேட்டது. சும்மா உள்ளே போய் ஒரு தும்மல் போட்டால் போதும். மகள் கல்யாணம் நடந்துவிடும். ஆனால் முதுகில் முள் இன்னும் விறைத்துக்கொண்டுதான் நின்றது. 'இவ தயவுலயா? நல்லவங்கிற பேரும் இவளுக்கேயா?' அந்த நேரத்திலும் அப்படித் தோன்றியது பாருங்கள்! ஈட்டியம்மாளுக்குத் தன்னைப் பார்த்தே கூச்சமாகிவிட்டது.

உள்ளே போனாள். முள்ளை மறைக்கவில்லை.

"தும்மலும் இல்ல, ஜலதோஷமும் இல்ல. பொறாமை! உங்க மேல இல்ல சம்பந்தி. இதோ நிக்கிறாளே, இவ மேல! இவ வீட்டுல சிரிக்கிறாங்க, என் வீட்டுக்கு யாரும் வர்றதில்லைன்னு ஒவ்வொரு சீசனும் என் வயிறு எரியும். இவ இடம் கொடுக்க வந்தா. நான் விரட்டிவிட்டேன். நான் கேட்காமலே எனக்காக இவ சமாதானம் சொல்றா. அதுக்கும் முள்ளு எழும்புது! நான் இப்படித்தான். என் பொண்ணு இப்படி இல்ல. அவளை என்னை வெச்சு ஒதுக்காதீங்க!"

திடீரென்று வேலாயி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பிறகு சத்தமாகவே சிரித்துவிட்டாள்.

"என் ஓரகத்தி கிழங்கு அவிச்சா பக்கத்து மலைவரைக்கும் மணக்கும். அன்னைக்கெல்லாம் எனக்கு முதுகு அரிக்குதுன்னு சொல்லிப் புதருக்குள்ள போயிடுவேன்! உள்ளதை ஒத்துக்கிட்டவங்களை நான் இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."

"அதெல்லாம் சரி, வழக்கம் வழக்கம்தான்!" என்றார் கூரன். "தூக்கின முள்ளு படியணும். படிஞ்சாத்தான் இலையைத் தொடுவேன்."

எல்லாரும் பார்த்தார்கள். முள் படியவில்லை. ஈட்டியம்மாள் கண்ணை மூடினாள், மூச்சை அடக்கினாள். படியவில்லை. இது அழுத்தினால் படிகிற பொருளா?

குங்குமம் எழுந்து வந்தாள். அந்த விறைத்த முள்ளுக்குப் பக்கத்திலேயே, உரசிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"தள்ளிப் போடி, குத்தும்!"

"குத்தட்டும் அக்கா. எல்லாருக்கும் இருக்கிறதுதான். உங்களுக்கு வெளியே நிக்குது. எனக்கு உள்ளேயே குத்துது."

"உனக்கா! உனக்கு என்ன குறை?"

"மழை வந்தா எல்லாரும் கிளம்பிப் போயிடுவாங்க. அப்புறம் தை வரைக்கும் இந்தக் குடைவுல நான் ஒருத்திதான். உங்க வளையிலேருந்து நீங்களும் பூமுள்ளும் பேசுற சத்தம் வரும். திட்டுவீங்க, சிரிப்பீங்க, மறுபடி திட்டுவீங்க. கேட்கப் பொறுக்காம வாலைக் காதுமேல சுத்திக்கிட்டுப் படுத்துக்குவேன். எனக்கும் வயிறு எரிஞ்சிருக்கு அக்கா. முள்ளு இல்லாததால யாருக்கும் தெரியல."

ஈட்டியம்மாள் அவளையே பார்த்தாள். அந்தப் பெரிய வாலை எத்தனை தடவை மினுக்குகிறாள் என்று கரித்துக்கொட்டியிருக்கிறாள்! அது காதைப் பொத்துகிற வால் என்று யார் கண்டது?

"ஒரு குரல் கொடுத்திருந்தா வந்திருப்பேனேடி" என்றாள். சொல்லிவிட்டு, ஈரக் கையால் குங்குமத்தின் தலையைத் தடவினாள்.

"அம்மா" என்றது வாசலிலிருந்து ஒரு குரல். துடைத்த சுளைகளை இலையில் ஏந்திக்கொண்டு பூமுள் நனைந்தபடி நின்றாள். "அம்மா, முள்ளு!"

ஈட்டியம்மாள் திரும்பி முதுகைப் பார்த்தாள். ஒவ்வொரு முள்ளும் மழைக்குச் சாய்ந்த புல்லைப்போலப் படிந்திருந்தது.

இலை மாறியது. கூரன் வீங்கின மூக்கோடு இரண்டு கை சுளை சாப்பிட்டார். அந்தச் சீசனின் கடைசி விருந்து அதுதான்.

அந்த மழைக்காலம் முழுக்கக் குங்குமம் தன் குடைவில் படுக்கவே இல்லை. ஈட்டியம்மாளின் வளையில் மூன்று பேர் பேசுகிற சத்தம்தான் கேட்டது.

அடுத்த தையில் விடுதி திறந்தது. முதல் நாளே ஏகப்பட்ட கூட்டம். ஆந்தைக் குடும்பம் குங்குமத்தைப் புகழ்ந்து தள்ளியது. பக்கத்து வளையிலிருந்து கலகலவென்று சத்தம் வந்தது. கூடவே ஒரு குரல்: "அடியே குங்குமம்! எனக்கு வயிறு எரியுது!"

"வந்து பலாக்கொட்டை உரிங்க அக்கா, அணைஞ்சிடும்!" என்று குங்குமம் கத்தினாள்.

ஈட்டியம்மாள் முணுமுணுத்துக்கொண்டே வந்து உட்கார்ந்து உரித்தாள். பாதிக் கூடை நிறைவதற்குள் முள் படிந்துவிட்டது.

பொறாமையைக் கட்டி மறைத்தால் அது நம் வீட்டு விருந்தையே கெடுத்துவிடும். கூச்சப்படாமல் வாய்விட்டுச் சொன்னால், யார் மேல் பொறாமைப்பட்டோமோ அவர்களே நமக்குத் துணையாவார்கள்.