கையில் இடமில்லை

“எல்லாம் செஞ்சேன் டீச்சர். அப்புறமும் ஓட்டத்தை விட்டுர்றேங்கிறா” என்றார் சுடலைமணி.

மைதானத்தின் ஓரத்து பெஞ்சில், ஓட்டப் பயிற்சி தரும் எஸ்தர் டீச்சர் உட்கார்ந்திருந்தார். மடியில் அடுத்த மாதம் மாநிலப் போட்டிக்குப் போகிறவர்களின் பட்டியல். சாயங்காலத்துக்குள் அனுப்பியாக வேண்டும். ஒன்பதாவது பெயர் இலக்கியா. சுடலைமணியின் மகள், பதினாறு வயது.

காலையில் அவளே வந்து, இன்றைய ஓட்டத்தோடு போதும், பேரை அடித்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தாள். ஓடிவிட்டு வந்து சொல் என்று டீச்சர் அனுப்பிவிட்டார்.

பேனா மட்டும் திறந்தே இருந்தது.

ஆறு வருஷமாக விடியுமுன் எழுப்பி மைதானத்துக்குக் கூட்டிவருவதை சுடலைமணி சொன்னார். முட்டையை, ஆணி வைத்த ஓட்ட ஷூவான ஸ்பைக்ஸை, லேத் பட்டறையில் போட்ட விடுப்புகளைச் சொன்னார். பிறகு பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். இலக்கியா ஓடிய ஒவ்வொரு ஓட்டத்தின் நேரமும் அதில் இருந்தது.

டீச்சர் புரட்டினார்.

“போன ஞாயித்துக்கிழமை ஓடினாளே, என்ன நடந்துச்சு?”

“அஞ்சு நிமிஷம் பன்னிரண்டு செகண்ட்.”

“என்ன நடந்துச்சுன்னு கேட்டேன்.”

சுடலைமணி நோட்டைப் பார்த்தார். அதில் வேறொன்றும் இல்லை.

ஆயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு விசில் அடித்தது. அவர் எழுந்தார். எதிர்ப்பக்கம் விளக்குக் கம்பத்தடியில் நின்று, மகள் கடக்கும்போதெல்லாம் ரவுண்டு நேரத்தைக் கத்துவது அவர் வழக்கம்.

“ஸ்டாப்வாட்சைக் குடுங்க அண்ணாச்சி” என்றார் டீச்சர்.

“இப்பவா?”

டீச்சர் நீட்டிய கையை மடக்கவில்லை. சுடலைமணி அதை வலது கையிலிருந்து கழற்றிக் கொடுத்தார். டீச்சர் பெஞ்சுக்கடியிலிருந்து ஒரு ஜோடி ரப்பர் செருப்பை எடுத்து அவர் கையில் வைத்தார். நீல வார். இலக்கியாவுடையது.

“முடியிற கோட்டுல நில்லுங்க. செருப்பைக் கீழ வைக்கக் கூடாது. நம்பர் எதுவும் வாயில வரக் கூடாது.”

“செருப்பு எதுக்கு?”

“ஓடி முடிச்சு வெளிய வந்தா பூரா சிமெண்ட் தரை. ஸ்பைக்ஸோட எப்படி நடப்பா?”

ஆறு வருஷத்தில் அவர் அதை யோசித்ததில்லை.

முடியும் கோட்டில் நின்றிருந்த இன்னொரு அப்பா, செருப்புக் கடை போட்டாச்சா அண்ணாச்சி என்றார். பக்கத்தில் சிரித்தார்கள். சுடலைமணி கையைப் பின்னால் கொண்டுபோகப் பார்த்தார். பிறகு அந்த எண்ணத்தை விட்டுவிட்டார்.

துப்பாக்கி வெடித்தது.

கம்பத்தைக் கடக்கும்போது இலக்கியா தலையைத் திருப்பினாள். அங்கே யாரும் இல்லை. ஒரு அடி தடுமாறினாள். சுடலைமணியின் தொண்டை வரை ஒரு எண் வந்து நின்றது.

இரண்டாம் முறையும் திரும்பிப் பார்த்தாள். ஆறாவதாகப் போனாள்.

மூன்றாம் முறை கம்பத்தருகே பெண்கள் நெருக்கியடித்தார்கள். யாரோ தடுமாறியது தெரிந்தது. யாரென்று தெரியவில்லை. அவர் செருப்பை இறுக்கிப் பிடித்தார்.

கடைசி ரவுண்டில் அவள் கம்பத்தைப் பார்க்கவே இல்லை.

மூன்றாவதாக வந்தாள். முழங்காலில் கை ஊன்றி நின்று, நிமிர்ந்து, நேராக அவருடைய வலது கையைத்தான் பார்த்தாள்.

“வாட்ச் எங்கப்பா?”

“டீச்சர்கிட்ட.”

“அப்ப நான் எவ்வளவுல வந்தேன்?”

“தெரியலம்மா.”

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து செருப்பை அவள் காலடியில் வைத்தார். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்பைக்ஸாகக் கழற்றினாள். இரண்டையும் அவரிடமே கொடுத்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு இரண்டடி நடந்தவள் நின்றாள்.

“மூணாவது ரவுண்டுல என்னாச்சு தெரியுமாப்பா?”

“என்னாச்சு?”

“அந்தப் பச்சை பனியன்காரி முழங்கையால விட்டா ஒரு இடி. விழப் பாத்தேன். அப்புறம் கடைசி வளைவுல அவ மூச்சு எனக்குக் கேக்குது, ஹஸ் ஹஸ்னு, நம்ம வீட்டு குக்கர் மாதிரி. சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சுட்டே தாண்டினேன். அடுத்த மாசம் வரட்டும் அவ.”

டீச்சர் பேனாவை மூடினார்.

அவர்கள் பெஞ்சைக் கடக்கும்போது இலக்கியா இன்னும் சொல்லிக்கொண்டிருந்தாள். சுடலைமணி ஒரு கையில் ஒரு ஸ்பைக்ஸும் மறு கையில் ஒன்றுமாக, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு வந்தார்.

“அண்ணாச்சி, உங்க வாட்ச்.”

அவர் நிற்கவில்லை.

“கையில இடமில்ல டீச்சர்.”