நாற்பத்திரண்டாவது திருத்தம்

வேங்கைநாட்டு அரசன் இளவளவனுக்கு ஒரு நோய் இருந்தது. எந்த வைத்தியருக்கும் பிடிபடாத நோய். படம் பார்க்கிற நோய்.

கருங்காட்டுச் சாலையில் வழிப்போக்கர்கள் தங்க ஒரு சத்திரம் வேண்டும் என்று குடிகள் வந்து கேட்டார்கள். அந்தப் பக்கம் இரண்டு காதத்துக்கு ஒதுங்க ஒரு கூரை கிடையாது. "கட்டிவிடலாம்" என்றான் அரசன். "முதலில் அது எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டாமா?"

அரண்மனைச் சித்திரக்காரர் சேந்தனாரைக் கூப்பிட்டு, கட்டப்போகிற சத்திரத்தை வரைந்து காட்டச் சொன்னான். அவரும் வரைந்தார். பதினாறு தூண், நடுவில் முற்றம், வாசலில் கிணறு. அரசன் சொக்கிப்போனான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

"பிரமாதம். இதையே மலைநாட்டுப் பாணியில் மாற்றிக் காட்டும்."

கூரை சரிந்தது, ஓடு ஏறியது.

"வடநாட்டுப் பாணியில்?"

ஓடு இறங்கிக் குவிமாடம் வந்தது.

"அந்தி வெயிலில்? மார்கழிப் பனியில்? என் மாமியார் வந்து இறங்குகிற நாளில்?"

மாமியார் படத்தில் மட்டும் சேந்தனார் வாசல் கதவைச் சாத்தி வரைந்தார். அரசன் அரைநாள் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, "கதவு வேறு நிறத்தில் இருக்கட்டும்" என்றான்.

இப்படியே இரண்டு வருஷம் போயிற்று. நாற்பத்தொரு படம் ஆயிற்று. சாலையில் ஒரு கல்கூட விழவில்லை. மழை மட்டும் தவறாமல் விழுந்தது. ஒரு கார்த்திகை மாதம் சேந்தனார் அந்த வழியாக வந்தபோது, கைக்குழந்தைக்காரி ஒருத்தி ஆலமரத்தடியில் முறத்தைக் குழந்தையின் தலைக்குப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்து நின்றாள். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாற்பத்தொரு கூரை வரைந்த கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மறுநாளே சபையில் சொல்லிவிட்டார்.

"அரசே, குடிகள் கேட்டது சத்திரம். நாம் கொடுப்பது சித்திரம். போதும். கல்லை வைக்க உத்தரவிடுங்கள்."

தளவாய் குமாரகண்டர் எழுந்தார். சேந்தனாரைக் கண்டாலே அவர் முகம் பாகற்காய் தின்றதுபோல் ஆகிவிடும்.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நல்ல சித்திரக்காரனுக்கு எதற்கு அரசே நாற்பத்தொரு படம்? ஒரே படம் போதுமே. காலையில் அது பொன்னாக இருக்கட்டும், உச்சியில் வெள்ளையாக, அந்தியில் சிவப்பாக. மழை பெய்தால் நனையட்டும். வண்ணம் மட்டும் கரையக் கூடாது."

அரசனின் கண் விரிந்தது. "அது வேண்டும். அந்தப் படம்தான் வேண்டும்."

"முடிக்காவிட்டால் கைக்கு விலங்கு" என்று சேர்த்தார் தளவாய். படத்தை நினைத்துக்கொண்டே அரசன் தலையாட்டிவிட்டான்.

உடனே ஓலை எழுதப்பட்டது. எழுதியவர் வேலப்பர், கண் மங்கிய கிழவர். 'வருகிற ஐப்பசி முதல் நாளுக்குள் கருங்காட்டுச் சாலைச் சித்திரத்தைச் சேந்தனார் முடிக்க வேண்டியது. அவர் கேட்கும் பொருளும் ஆளும் தளவாய் தர வேண்டியது.' சேந்தனார் எட்டிப் பார்த்தார்.

"ஐயா, 'சி'க்குத் தலையில் வளைக்கிற மேல்விலங்கு விட்டுப்போச்சு. 'சத்திரம்' என்று இருக்கிறது."

"விலங்குதானே? கவலைப்படாதீர். ஐப்பசியில் உம் கைக்கே வந்துசேரும்" என்றார் தளவாய்.

வேலப்பர் விலங்கைப் போட்டார். சபை சிரித்தது. சேந்தனாரும் சிரித்தார். மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

மறுநாள் காலை தளவாய் வீட்டு வாசலில் போய் நின்றார். "வண்ணத்துக்குச் சுண்ணாம்பு வேண்டும்."

"எவ்வளவு?"

"நாற்பது வண்டி."

"நாற்பது வண்டியா?"

"கரையாத வண்ணம் ஆயிற்றே. அப்புறம் கல் வேண்டும்."

"அரைக்கிற அம்மிதானே?"

"கொஞ்சம் பெரிசு. அறுபது வண்டி. வேலைக்கு இருநூறு ஆள்."

தளவாய்க்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இவ்வளவும் வாங்கிக்கொண்டு தோற்றான் என்றால் ஒரு கைக்கு இரண்டு விலங்காக மாட்டலாமே. கேட்டதையெல்லாம் கொடுத்தார்.

அரசன் கருங்காட்டுப் பக்கம் ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? அவனிடம்தான் நாற்பத்தொரு படம் இருந்ததே. தளவாயும் போகவில்லை; விலங்கு அடிக்கச் சொல்வதிலேயே மும்முரமாக இருந்தார்.

ஐப்பசி முதல் நாள் விடியும்போது சேந்தனார் அரசனைச் சாலைக்கு அழைத்துப் போனார். தளவாயும் வந்தார், விலங்கோடு. சூரியன் எழுந்தது. பதினாறு தூணும் பொன்னாக நின்றன. அரசன் வாயைத் திறந்தவன் மூடவில்லை. உச்சிவேளையில் சுண்ணாம்புச் சுவர் கண் கூசும் வெள்ளை. அந்தியில் செக்கச் சிவப்பு. சிவப்பு மங்குவதற்குள் வானம் பொத்துக்கொண்டது. வண்டிக்காரர்கள், யாத்திரிகர்கள், கைக்குழந்தைக்காரிகள் எல்லாரும் உள்ளே ஓடினார்கள். அரசனும் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். தளவாய்தான் கடைசி. விலங்கு கனம்.

அரசன் ஈரச் சுவரை விரலால் தேய்த்துப் பார்த்தான். ஒன்றும் ஒட்டவில்லை. பிறகுதான் அவனுக்கு உறைத்தது. முகம் இறுகியது.

"சேந்தனாரே, நான் கேட்டது சித்திரம். இது கட்டடம். என் உத்தரவில் கை வைத்தது யார்?"

தளவாய் விலங்கை உயர்த்தினார்.

"நான்தான் அரசே. நாற்பத்தொரு திருத்தம் நீங்கள் சொல்லிச் செய்தேன். இந்த ஒன்றை மட்டும் நானாகச் செய்தேன்."

"என்ன திருத்தம்?"

"பெரிதாக ஒன்றுமில்லை. தளவாய் எனக்கு விலங்கு மாட்ட வந்திருக்கிறார். நான் சித்திரத்தின் தலையில் இருந்த விலங்கைக் கழற்றிவிட்டேன். சத்திரம் ஆகிவிட்டது."

அரசன் காற்றில் ஒரு 'சி' எழுதினான். மேலே இருந்ததை விரலால் அழித்தான். அப்புறம் சிரித்தான் பாருங்கள், உள்ளே தூங்க ஆரம்பித்திருந்த குழந்தைகள் எல்லாம் எழுந்து அழுதன. கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சேந்தனாருக்குப் போட்டான்.

தளவாயின் விலங்கும் வீண்போகவில்லை. சத்திரத்துக் கிணற்று வாளிக்கு அதுதான் சங்கிலி.