பாறைபோல் உறுதியான கரை

ஓலையில் எழுதி அரக்கு முத்திரை வைத்துவிட்டால், எழுதியவரே நினைத்தாலும் அதை மாற்ற முடியாது என்றிருந்த ஒரு காலம். அந்தக் காலத்தில் ஒரு நாட்டை ஆண்ட மன்னருக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. தம் பிறந்தநாளன்று தலைநகரத்துப் பெரிய ஏரியில் நூறு ஓடங்கள் மிதக்க வேண்டும்; அதற்கு ஏரி விளிம்பு வரை தளும்பி நிற்க வேண்டும்.

அந்த ஏரிக்குக் காவல் செம்பாயி என்ற பெண். மடையைத் திறப்பதும் மூடுவதும், மழைக்காலத்தில் கரைமேல் நடந்து பார்ப்பதும், ஆபத்தென்றால் தமுக்கடித்துக் கீழ்த்தெருக்காரர்களை மேடேறச் சொல்வதும் அவள் வேலை. பதினாறு வருஷத்துக்கு முன் கரை உடைந்தபோது அவள் கணவன் தமுக்கை விடாமல் அடித்துக்கொண்டே வெள்ளத்தோடு போனான். கீழ்த்தெரு பிழைத்தது. அப்போதிருந்த மன்னர் அந்த வேலையை அவளுக்குக் கொடுத்தார்.

நீரைத் தேக்கச் சொல்லி அரண்மனையிலிருந்து ஆள் வந்தபோது செம்பாயி மறுத்துவிட்டாள். கீழைக்கரையில் ஓரிடத்தில் கசிவு இருந்தது. தெளிந்த நீராய்க் கசிந்தவரை அவள் கவலைப்படவில்லை. இப்போது நான்கு நாளாகக் கலங்கி வந்தது. கரையின் மண் உள்ளுக்குள் கரைகிறது என்று அதற்கு அர்த்தம்.

அந்தப் பகுதியைப் போன கோடையில் செப்பனிட்டவர் பிரதானி வீரபத்திரர். விஷயம் அவர் காதுக்குப் போனது. மறுநாளே ஓர் ஓலை வந்தது.

'ஏரிக்கரை பாறைபோல் உறுதியாக இருப்பதால், ஏரிக்காவல் செம்பாயி மக்கள் நலன் கருதி வட எல்லைச் சாவடிக்கு மாற்றப்படுகிறாள். மூன்று நாளில் புறப்பட வேண்டும்.'

சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த மன்னர், பிரதானி நீட்டிய ஓலையைப் படிக்காமலே முத்திரை வைத்திருந்தார்.

செம்பாயி அரண்மனைக்கு ஓடினாள். மனு வாங்கும் கணக்கர் நல்ல மனிதர்தான். "முதலில் அங்கே போய் வேலையில் சேர்ந்துவிடு, அம்மா. சேர்ந்த பிறகு மனுக் கொடு. அதுதான் முறை" என்றார்.

"போறதுக்குப் பத்து நாளு, வர்றதுக்குப் பத்து நாளு ஆகும் சாமி. மழை அதுக்குள்ள வந்துரும்."

அந்த வழியாக வந்த ஒருவர் நின்றார். அரசவை விகடகவி ஆலாலசுந்தரம். மன்னர் இவர் பேச்சுக்குச் சிரிப்பது பிரதானிக்குப் பல வருஷமாகப் பிடிக்காது. விகடகவி ஓலையை வாங்கி இரண்டு முறை படித்தார். செம்பாயி கரையில் இருக்கும் கசிவைப் பற்றிச் சொன்னாள்.

"கசிகிற தண்ணீர் என்ன நிறம்?"

"காவி நிறம், ஐயா."

ஆலாலசுந்தரத்தின் முகத்தில் எப்போதும் இருக்கும் சிரிப்பு மறைந்தது. "நாளைக் காலை சபைக்கு வா" என்றார்.

மறுநாள் செம்பாயி சபை நடுவே நின்றாள். பிரதானி எழுந்தார்.

"மன்னர் பெருமானே, ஊழியம் என்பது தங்கள் சித்தம். எந்த இடத்தில் நிறுத்தினாலும் நிற்பதே ஊழியரின் கடமை. இந்த இடம்தான் வேண்டும் என்று கேட்க இவளுக்கு உரிமை ஏது?"

"நீ என்ன சொல்கிறாய்?" என்று மன்னர் கேட்டார்.

"எனக்கு அந்த இடம் வேணுமின்னு கேக்கல மகாராசா. எல்லைக்கும் போறேன். ஆனா நான் போனதும் கரையில ஆளில்ல. அங்க ஒருத்தரை நிறுத்திட்டு என்னை அனுப்புங்க. கீழ்த்தெருவுல நாப்பது வீடு இருக்கு."

மன்னருக்குச் சங்கடமாக இருந்தது. "முத்திரை விழுந்த ஓலையை என் தந்தை திரும்பப் பெற்றதில்லை. நானும் பெறமாட்டேன்" என்றவர், விகடகவியின் பக்கம் திரும்பினார். "ஆலாலசுந்தரம், ஓர் எழுத்தும் மாறாமல் இந்த வழக்கைத் தீர்க்க உம்மால் முடியுமா?"

"ஓர் எழுத்தும் மாற வேண்டாம், மன்னா. எழுதியபடியே நடப்போம். கரை பாறைபோல் உறுதி என்று அரச முத்திரையே சொல்கிறது. கரையடியில் செம்பாயியின் வீடு காலியாகப் போகிறது. நல்ல காற்றோட்டமான இடம். இவ்வளவு உறுதியாக எழுதிய பிரதானியார், மனைவி மக்களோடு இன்றே அங்கு குடிபுகட்டும். மடையை அடைத்து ஏரியை நிரப்புவோம். பிறந்தநாள் விழா முடியும்வரை அங்கேயே இருக்கட்டும்."

பிரதானி சிரிக்க முயன்றார். "அந்தக் குடிசை என் குடும்பத்துக்குப் போதாது, மன்னா."

"தச்சர்கள் பொழுது சாய்வதற்குள் பெரிதாக்கித் தருவார்கள்" என்றார் விகடகவி.

"என் மனைவிக்கு ஈரக்காற்று ஆகாது."

"அப்படியென்றால் அவர் வீட்டிலேயே இருக்கட்டும். தாங்களும் தங்கள் இரு மகன்களும் போதும்."

பிரதானியின் நெற்றி வியர்ப்பதைச் செம்பாயி பார்த்தாள். அந்த மனிதர்மேல் அவளுக்கு இருந்த கோபம் அந்த நேரத்தில் ஏனோ வடிந்துபோனது. அவருக்கும் பிள்ளைகள்.

"போகிறீரா, இல்லையா?" என்றார் மன்னர். அவர் குரல் மாறியிருந்தது.

"அந்தக் கீழைக்கரையை மட்டும்... விழாவுக்கு முன் ஒருமுறை பார்த்துவிட்டால் நல்லது" என்றார் பிரதானி, தரையைப் பார்த்தபடி.

யாரும் சிரிக்கவில்லை. தாம் படிக்காமல் முத்திரை வைத்த ஓலையை மன்னர் கையில் எடுத்து, முதன்முறையாக வாசித்தார்.

ஆலாலசுந்தரம் மெல்லச் சொன்னார்: "ஓலை செல்லும், மன்னா. 'கரை உறுதியாக இருப்பதால்' இவள் போக வேண்டும் என்கிறது. உறுதியாகிற அன்று போகட்டும். அதுவரை இவள் கரையில் நிற்பதுதான் ஆணைக்குக் கீழ்ப்படிவது."

அன்றே ஓட விழா கைவிடப்பட்டு, மடை திறக்கப்பட்டது. மழை நான்காம் நாள் வந்தது. பாதி நீரே இருந்ததால் கரை தாங்கியது. மழை ஓய்ந்ததும் கீழைக்கரையை வெட்டிப் பார்த்தார்கள். களிமண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மணல் இருந்தது. பிரதானி பதவியிழந்தார். கோடை முழுவதும் ஆட்கள் களிமண் கொட்டி மிதித்துக் கரையைக் கட்டினார்கள். ஒவ்வொரு அடுக்கும் செம்பாயியின் கண்முன்தான் எழுந்தது.

வேலை முடிந்த மறுநாள் அவள் துணிமூட்டையோடு சபைக்கு வந்து நின்றாள். யாரும் அழைக்கவில்லை.

"எங்கே புறப்பட்டுவிட்டாய்?" என்றார் மன்னர்.

"எல்லைச் சாவடிக்கு மகாராசா. கரை உறுதியாயிருச்சு. ஓலையில அப்படித்தானே இருக்கு."

ஆலாலசுந்தரமே திகைத்துப்போனார். மன்னர் கேட்டார். "பாறைபோல் உறுதியா? உன் கணவன்மேல் ஆணையாகச் சொல்."

செம்பாயி நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னைக்கு உறுதி, மகாராசா. நாளைக்கு எப்படின்னு இப்ப சொல்ல முடியாது. நாளைக்கு நின்னு பாத்துத்தான் சொல்லணும்."

மன்னர் சிரித்தார். பல மாதமாக அந்தச் சபை கேட்காத சிரிப்பு. "பாறை என்றால் நாளைக்கும் உறுதியாக இருக்க வேண்டுமே; அப்படி ஆகும்வரை நீ கரையிலேயே நின்று பார்" என்றார். தம் பட்டுச் சால்வையை விகடகவிக்குப் போர்த்தினார். செம்பாயிக்குக் கரையடியில் இருந்த வீட்டை மேட்டில் கல்வீடாகக் கட்டிக்கொடுத்தார்.

அந்த ஓலை ரத்தாகவே இல்லை. செம்பாயி கண்மூடும்வரை அது அமலில்தான் இருந்தது. நாள்தோறும் காலையில் அவள் கரைமேல் நடந்து பார்த்துவிட்டு, "இன்னைக்கு உறுதி" என்று மட்டும் சொல்லி அனுப்புவாள்.