முழுப் பெட்டி

அம்பலவாணன் இருபத்தெட்டு வருஷம் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தில் துளை போட்டவர். பூமிக்கடியிலிருந்து பாறையை உருளை உருளையாக எடுத்துப் பெட்டியில் அடுக்குவார். அதைப் படிக்கத்தான் தெரியாது. ஐம்பத்து மூன்று வயதில் அந்த ஆசை வந்து, தன்னைவிட இருபது வயது இளைய மெஹருன்னிசாவிடம் மாணவராகச் சேர்ந்தார். பாறை அடுக்குகளை ஆராயும் அதிகாரி அவர். ஊரே சிரித்தது. அம்பலவாணன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்று காலை அவர் கோபத்தோடு மெஹருன்னிசாவின் அலுவலகத்துக்கு வந்தார். போன வாரம் சுரங்கத்தின் வடக்குச் சரிவு இடிந்து ஆரோக்கியதாஸ் செத்துப்போயிருந்தார். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"மழையால சரிஞ்சிதாம் மேடம். அறிக்கை எழுதி முடிச்சிட்டானுங்க. மதிய ஷிப்டுக்குத் தெற்குச் சரிவுல ஆறு பேரை எறக்கறானுங்க."

"மழை தெற்கேயும்தானே பெஞ்சுது?"

"அதைத்தான் கேட்டேன். வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கானுங்க, ஒருத்தனும் பேசல. நீங்க சொல்லுங்க, ஏன் சரிஞ்சுது?"

மெஹருன்னிசா அவரைப் பாறைப் பெட்டிகள் இருக்கும் கொட்டகைக்கு அழைத்துப்போய் ஒரு பெட்டியை இழுத்து வைத்தார். குழியின் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்திருக்கும் அந்த இரண்டு சரிவுக்கும் நடுவே போட்ட துளையின் பாறை. 'மூன்று மீட்டர், முழுதாக வந்தது' என்று மூடியில் அம்பலவாணனே எழுதியிருந்தார்.

"உடைஞ்ச முகத்தோட உடைஞ்ச முகம் பொருந்தற மாதிரி அடுக்குங்கண்ணே."

அடுக்கினார். மணற்பாறைத் துண்டுகள் கச்சிதமாகச் சேர்ந்தன. ஓரிடத்தில் மட்டும் எதுவும் எதனோடும் சேரவில்லை. கீழ்த் துண்டின் சாய்ந்த முகத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. தொட்டார். விரல் வழுக்கியது.

மெஹருன்னிசா டேப்பை வைத்து அளந்தார். "ரெண்டு அறுபதுதான் இருக்கு. மீதி நாற்பது சென்டி?"

"களிமண்ணு. துளை போடற தண்ணியிலயே கரைஞ்சிடும். மேல வராது."

"பெட்டி நிறைஞ்சிருந்துதே."

"கொறைஞ்சா சூப்பர்வைசர் கத்துவான். இடைவெளி உட்டுப் பரப்பி வெச்சிடுவோம். எல்லாரும் செய்யறதுதான்..."

வழுக்கிய விரலை அவர் மறுபடி பார்த்தார். அடுக்குகள் குழியைப் பார்த்துச் சாய்ந்திருக்கின்றன என்று போன மாதம்தான் படித்திருந்தார். வழுக்கும் அந்தக் களிமண்ணின் மேல் இரண்டு சரிவுமே குழிக்குள் சறுக்கிவிடும்.

பிறகு கத்தினார். "அப்ப நான்தான் அவனைக் கொன்னேங்கறீங்களா?"

"மூடியைத் திருப்புங்க."

திருப்பினார். 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி, கீழே மெஹருன்னிசா கையெழுத்துப் போட்டிருந்தார். அம்பலவாணனுக்கு அவர்மேல் வந்த ஆத்திரத்தில் பெட்டியை எட்டி உதைக்கலாம் போலிருந்தது.

"பாக்காமயா போட்டீங்க?"

"பெட்டி நிறைஞ்சிருந்துது. போட்டேன்."

"ரெண்டு பேருமா சேந்து... இப்ப அந்த ஆறு பேருக்கு என்ன பதில்?"

மெஹருன்னிசா ஒரு மரக்கட்டையையும் பேனாவையும் நீட்டினார்.

"களிமண் இருந்த இடத்துல கட்டையை வெச்சு, நாற்பது சென்டி வரலைன்னு எழுதுங்க. என் கையெழுத்தை நான் அடிச்சிடறேன். ரெண்டு மணிக்கு ஷிப்டு எறங்கறதுக்குள்ள பெட்டியைத் தூக்கிட்டுப் போய் அறிக்கை எழுதினவங்க மேசைமேல வெக்கணும்."