பின்னால் சுற்றிய மோட்டார்

திருமூர்த்தி புளுகுவார் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். புளுகு என்றால் அதற்கு ஓர் எல்லை உண்டு. அவர் பேசுவது அந்த எல்லைக்கு அப்பால் உள்ள விஷயம்.

பல்லடம் ரோட்டில் ஒரு பேக்கரி. காலை ஆறரைக்கு மில்லில் நைட் ஷிப்ட் முடிந்ததும் நான் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். வீட்டுக்குப் போனாலும் தூக்கம் வரப்போவதில்லை. இங்கே டீயாவது வரும். திருமூர்த்தி எனக்கு முன்பே வந்திருப்பார். இன்சூரன்ஸ், பிராய்லர் கோழி, சோலார் ஹீட்டர் என்று மூன்று தொழில் பார்த்துவிட்டு, இப்போது எரிந்த மோட்டாருக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுற்று, கட்டும் கடை போடுகிறார். போர்டு மாட்டியாகிவிட்டது: 'திருமூர்த்தி மோட்டார்ஸ் - எந்த மோட்டாரும் எங்களுக்குத் தூசு.' வெள்ளிக்கிழமை திறப்பு. மோட்டாரைத்தான் அவர் இதுவரை கழற்றிப் பார்த்ததில்லை.

நான் கழற்றியிருக்கிறேன். மில்லில் எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்து, கம்பிச் சுற்றுகளை ஒவ்வொன்றாக எண்ணி, நோட்டில் எழுதி, யாரும் சொல்லித் தராமல் பன்னிரண்டு வருடத்தில் கற்றுக்கொண்ட வேலை. இரண்டு மாதமாகத் திருமூர்த்தி என்னைக் கூட்டுத் தொழிலுக்குக் கூப்பிடுகிறார். நான் பேசுகிறேன், நீங்கள் கட்டுங்கள் என்கிறார். பார்க்கலாம் என்றே சொல்லி வந்தேன். நான் கட்டிய மோட்டார் யாரோ ஒருவர் தோட்டத்தில் புகைந்து, அவர் என் முகத்தைத் தேடி வருவதை நினைத்ததும் பேச்சை மாற்றிவிடுவேன்.

அந்தத் திங்கட்கிழமை திருமூர்த்தி தன் முதல் வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். எதிரே மாரப்பண்ணன். முப்பது வருடம் லாரி ஓட்டியவர், எதையும் எளிதில் நம்பாதவர்.

உடுமலைப் பக்கம் ஒரு தோட்டமாம். ஏழரை எச்.பி. மோட்டாருக்கு இவர் காயில் கட்டினாராம். ஸ்விட்சைப் போட்ட மூன்றாவது நிமிடம் கிணறு காலி. நாலாவது நிமிடம் குழாயில் மீன் வந்ததாம். அதன் பின்னால், போன வருடம் கிணற்றில் விழுந்த குடம். அதற்கும் பின்னால் கிணற்றுப் படிக்கட்டு, ஒவ்வொரு கல்லாக.

"மூணு இஞ்சுக் குழாயில படிக்கல்லு எப்படீங்க வரும்?" என்றார் மாரப்பண்ணன்.

"நெட்டுக்குத்தலா வந்துச்சுங்க."

மாரப்பண்ணன் பப்ஸைக் கடித்துக்கொண்டே, சரி, மேலே சொல்லுங்க என்று கையைக் காட்டினார்.

பக்கத்துத் தோட்டத்துக் கிணறும் வற்றிவிட்டதாம். மூன்றாவது கிணற்றின் தண்ணீர் வர ஆரம்பித்ததும் அந்தத் தோட்டத்துக்காரர் தடியோடு வந்துவிட்டாராம். இத்தனை வேகம் ஆகாது என்று திருமூர்த்தி ரெண்டு வயரை மாற்றிக் கொடுத்தாராம். மோட்டார் பின்னால் சுற்ற ஆரம்பித்துவிட்டது. காட்டில் பாய்ந்த தண்ணீர் வாய்க்கால் வழியே திரும்பி வந்து குழாய்க்குள் போயிற்றாம். நெஞ்சுயரம் நின்ற மக்காச்சோளம் முழங்காலுக்கு இறங்கி, கணுக்காலுக்கு இறங்கி, விதையாகி, மூட்டைக்குள் போய்ப் படுத்துக்கொண்டதாம். வாய்க்காலில் ஒரு காலை வைத்து நின்ற மோட்டாரின் சொந்தக்காரருக்கு நரைத்த மீசை கறுத்தது. கொஞ்ச நேரத்தில் மீசையே இல்லை. சோற்றுப் போசியோடு வரப்பில் வந்த அவர் சம்சாரம், இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பது நினைவுக்கு வந்து, பஸ் ஏறி அப்பன் வீட்டுக்குப் போய்விட்டாராம்.

"அப்பறம்?"

"டக்குனு ஆஃப் பண்ணீட்டனுங்க. இன்னும் ரெண்டு நிமிசம் விட்டிருந்தா அவங்கப்பாரு கெணறு வெட்டறதுக்கு முந்திப் போயிருக்கும். அப்பறம் மோட்டார் எதுல நிக்கும்? அதையும் நாம யோசிக்கோணுமல்லங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரெண்டு வயர் மாறினால் த்ரீ ஃபேஸ் மோட்டார் பின்னால் சுற்றும் என்று போன வாரம் அவருக்குச் சொன்னவன் நான். என்னிடம் எலுமிச்சம்பழம் வாங்கிப் போனவர், பூசணிக்காயாகத் திருப்பித் தருகிறார்.

அப்போதுதான் ஒரு மொபெட் வந்து நின்றது. துளசிமணியக்கா. காளிவேலம்பட்டிப் பக்கம் தக்காளிக் காடு வைத்திருப்பவர். போர்டைப் பார்த்துவிட்டு, கடைக்காரர் இங்கே இருப்பார் என்று கேள்விப்பட்டு வந்ததாகச் சொன்னார்.

நாற்று நட்டுப் பத்து நாளாம். போன வெள்ளிக்கிழமை கொழுந்தனார் புது ஸ்டார்ட்டர் பெட்டி மாட்டிக் கொடுத்தார். அன்றிலிருந்து மோட்டார் ஓடுகிறது, சத்தமும் நன்றாகத்தான் இருக்கிறது, தண்ணீர் மட்டும் நூல் மாதிரி வருகிறது. போர்க் குழிக்குள் இருக்கும் மோட்டாரை மேலே தூக்கிப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். தூக்குகிற ஆட்கள் வியாழக்கிழமைதான் வருவார்கள். மோட்டார் ஓடத் தேவையான த்ரீ ஃபேஸ் கரண்ட் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரைதான்.

"இன்னைக்குப் பாயலீன்னா அவ்வளவும் போச்சுங்க," என்றார்.

புதுப் பெட்டி என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. ரெண்டு வயர் இடம் மாறி மோட்டார் பின்னால் சுற்றுகிறது, அதைத் தூக்க வேண்டியதே இல்லை. டீ டம்ளரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்து என்னிடம் வந்தார். உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டார்.

"எனக்கென்னங்க தெரியும். நான் மில்லுல இருக்கறவன்."

திருமூர்த்தி அதற்குள் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். இதைக் கண்ணைக் கட்டிக்கொண்டே செய்துவிடலாம், துணைக்கு இவர் வரட்டும் என்று என்னைப் பிடித்துத் தன் வண்டியின் பின்னால் உட்கார வைத்தார்.

ஐந்து கிலோமீட்டர். மோட்டார் ரூமில் பெட்டியைத் திறந்தவர், உள்ளே இருந்த வயர்களைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ரூமை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். மோட்டாருக்குச் சூடு தணிய வேண்டும் என்றார். ஒன்பதுக்குக் கரண்ட் வந்தது. பத்தரைக்குக் கற்பூரம் இருக்கிறதா என்று விசாரித்தார். அக்கா கற்பூரம் எடுக்க வீட்டுக்குப் போனதும் என் பக்கம் திரும்பினார்.

"எனக்குத் தெரியாதுங்க. நெசமாத் தெரியாது."

அவர் வாயிலிருந்து வந்த வாக்கியங்களில் கூட்டிக் கழிக்க எதுவும் இல்லாதது அது ஒன்றுதான். வெளியே நாற்றுகள் தலையைத் தொங்கப் போட்டுக் கிடந்தன. மணி பதினொன்று. நானும் அந்த ரெண்டு மணி நேரம் சும்மா நின்றவன்தானே.

மெயினை அணைத்தேன். ஃபியூஸைப் பிடுங்கினேன். டெஸ்டரை வைத்து மூன்று தடவை பார்த்தேன். நாலாவது தடவை பயத்துக்காகப் பார்த்தேன். ரெண்டு வயரை இடம் மாற்றி முறுக்கினேன். பெட்டியை மூடி, பச்சைப் பொத்தானை அமுக்கினேன்.

முதலில் வெறும் காற்று. அப்புறம் குழாய் ரெண்டு இருமல் இருமியது. அப்புறம் தொடைப் பருமனுக்குத் தண்ணீர். இல்லை, கைப் பருமன்தான். திருமூர்த்தியோடு பழகியதில் எனக்கும் கொஞ்சம் வந்துவிட்டது.

கற்பூரத்தோடு ஓடி வந்த அக்கா அதைக் கீழே போட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்தார். முதல் நாலு பாத்திக்கு மடை மாற்றிவிட்டுத்தான் எங்கள் பக்கம் வந்தார். அதற்குள் திருமூர்த்திக்கு உயிர் வந்துவிட்டது. எந்த வயர் என்று தான் கண்ணாலேயே காட்டியதாகவும், நான் அதைப் பிடித்துக்கொண்டதாகவும் விளக்கினார்.

அக்கா என்னிடம் கேட்டார். "எப்பங்க தெரிஞ்சுது உங்களுக்கு?"

"பேக்கரியிலயே ஒரு சந்தேகம் இருந்துச்சுங்க."

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு எங்கள் ரெண்டு பேரையும் பார்த்தார். கோபமாகத் தெரியவில்லை.

"அவரு தெரியாதத தெரியும்னாரு. நீங்க தெரிஞ்சத தெரியாதுன்னீங்க. ரெண்டும் புளுகுதானுங்களே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். திருமூர்த்திக்கு வேறு இடத்தில் வலித்தது.

"இருந்தாலும் அக்கா, பெரிய புளுகு என்னுதுதானுங்களே?"

அக்கா நியாயமாக யோசித்தார். "இல்லீங்க. இவருதுதான் பெருசு. உங்க பேச்ச நான் பாதிதான் நம்புனேன். இவரச் சுத்தமா நம்பீட்டேன்."

திருமூர்த்தி வண்டியை எடுத்தார். வெள்ளிக்கிழமையிலிருந்து நானும் கடைக்கு வருகிறேன், மில்லில் சொல்லிவிடுகிறேன் என்று அவர் முதுகைப் பார்த்துச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார். அதற்கப்புறம் ஐந்து கிலோமீட்டரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் பேக்கரியில் மாரப்பண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வயர் மாற்றியதை நம்பினார். தண்ணீர் வந்ததை நம்பினார். நான் வேலையை விடுவதைக்கூட நம்பினார். ஐந்து கிலோமீட்டர் திருமூர்த்தி வாயைத் திறக்கவில்லை என்றதும் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க, கடைக்கு இன்னும் போகவே இல்ல. அதுக்குள்ள நீங்களும் அவராட்டம் ஆயிட்டீங்களே."